பாதையைக் கண்டவர் யாருமில்லை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவன தோல் பதனிடும் தொட்டிகளும், காலணித் தொழிற்சாலைகளும், கழிவால் நலிந்த பாலாறுமே. ஆனால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகத் தென்கிழக்கே சென்று சவ்வாது மலையில் ஏறுவோமானால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்கள் நிறைந்த காட்டினிடையே காவலூர் என்னும் சிற்றூரை அடைவோம். உலக வானியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஊர் அது. கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், சிறுகோள்கள் ஆகியவை எவ்வழியே இயங்குகின்றன என்னும் ஆய்வில் அவ்வூருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கின் வேர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக் கடற்கரையில் ஊன்றப்பட்டது.

பள்ளிப் பாடநூல்களில் சூரியனைச் சுற்றிக் கோள்களின் பாதைகள் நீள்வட்டக் கோடுகளாக வரையப்பட்டிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கோட்டை வானில் கண்டவர் எவரேனும் உண்டா? எவருமில்லை. வானில் தெரிவது ஓர் ஒளிப்புள்ளி மட்டுமே. இன்று ஓரிடத்தில் தெரிகிறது. நாளை சற்றே தள்ளித் தெரிகிறது. அப்புள்ளிகளைக் குறித்து வைத்து, ஒன்றோடொன்று இணைத்து, இதுதான் பாதை என்று அறிவினால் துணிகிறோம். அவ்வாறு துணிவதற்கு ஒருவருடைய ஓர் இரவு போதாது. பல வேளைகளில் ஒருவருடைய ஆயுளும் போதாது. நம் மண்ணில் நடந்த வரலாறு இந்த உண்மையைத் தெளிவாக விளக்குகிறது.

விழுந்துகொண்டே இருத்தல்

முதலில், சுற்றுப்பாதை என்றால் என்ன என்பதைக் காண்போம். நிலவு ஏன் பூமியின்மேல் விழவில்லை என்று குழந்தைகள் கேட்பதுண்டு. நிலவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்பதே அதற்குச் சரியான விடை.

மிக உயர்ந்த ஒரு மலையின் உச்சியிலிருந்து ஒரு பொருளைக் கிடைமட்டமாக எறிவதாக நியூட்டன் கற்பனை செய்தார். மெல்ல எறிந்தால் அது மலையடிவாரத்தில் விழும். வேகம் கூடக் கூடத் தொலைவில் விழும். இனி இரண்டு கணக்குகளை ஒப்பிடுவோம். பூமியின் பரப்புக்கு அருகில் எந்தப் பொருளும் முதல் வினாடியில் சுமார் 4.9 மீட்டர் கீழே விழுகிறது. பூமியோ உருண்டையானது, நேர்கோட்டில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சென்றால், தரை அந்தக் கோட்டிலிருந்து 5 மீட்டர் அளவில் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே, காற்றின் தடை இல்லையென்று கொண்டால், வினாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பொருள் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவே தரையும் விலகிப்போகும். அது விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒருபோதும் தரையைத் தொடாது. இதுவே சுற்றுப்பாதை.

நிலவுக்கும் இதே விதிதான். பூமியின் மையத்திலிருந்து அதன் தொலைவு பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு. தொலைவு பெருகப் பெருக ஈர்ப்பு அத்தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறையுமானால், அங்கே ஈர்ப்பு 3600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3600-ஆல் வகுத்தால் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நிலவு வினாடிதோறும் ஒரு கிலோமீட்டர் அளவு முன்னே சென்றுகொண்டு, அந்தச் சிறு அளவே பூமியை நோக்கி விழுகிறது. தோல் மண்டியில் கைதவறி விழும் ஒரு கட்டுத் தோலையும் வானத்து நிலவையும் ஒரே விதி ஆளுகிறது. மண்ணுக்கு ஒரு சட்டம், விண்ணுக்கு வேறொரு சட்டம் என்று ஈராயிரம் ஆண்டுகளாக நிலவிய எண்ணம் 1687-இல் வெளிவந்த நியூட்டனின் 'பிரின்சிபியா' நூலால் முடிவுக்கு வந்தது.

இயற்பியலார் இதனை ஈர்ப்புப் புலம் என்னும் கருத்தால் விளக்குவர். பூமியைச் சுற்றியுள்ள ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு திசையும் ஓர் அளவும் உண்டு. அங்கே எந்தப் பொருளை வைத்தாலும், அது இரும்பானாலும் இறகானாலும், அத்திசையில் அந்த அளவு முடுக்கத்தோடு விழும். தரைமட்டத்தில் அந்த அளவு வினாடி வர்க்கத்திற்கு 9.8 மீட்டர். 400 கிலோமீட்டர் உயரத்திலும் அது 8.7 அளவுக்கே குறைகிறது. அவ்வுயரத்தில் சுற்றும் விண்கலத்தில் மனிதர் மிதப்பது ஈர்ப்பு இல்லாமையால் அன்று. கலமும் மனிதரும் ஒருசேர விழுந்துகொண்டிருப்பதால்தான்.

சோழிகளும் வாக்கியங்களும்

காரணம் அறியும் முன்னரே கணக்கை அறிந்தவர்கள் தமிழ் மண்ணில் இருந்தனர். நிலவின் பாதை சரியான வட்டமன்று. அது பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை எய்தச் சுமார் 27.55 நாள்கள் ஆகின்றன. ஒன்பது முறை அவ்வாறு வந்தால் 248 நாள்கள். நம் பஞ்சாங்கக் கணிதர்கள் அந்த 248 நாள்களுக்கும் நிலவின் நிலையை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தனர். வாக்கியத்தின் எழுத்துகளே எண்களைக் குறிக்கும். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதனால் அமைந்ததே.

சென்னை வான்நோக்கு நிலையத்தின் பொறுப்பை ஒரு காலத்தில் வகித்த ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித' என்னும் நூலில் இம்முறையை விவரித்துள்ளார். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகோலும் ஏடுமின்றித் தரையில் சோழிகளை அடுக்கியே, அவ்வாண்டின் சந்திர கிரகணம் ஒன்றை அவர்முன் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவருடைய பிழை நான்கு நிமிடமே. நடுவேளையில் 23 நிமிடமாகவும், முடிவில் 52 நிமிடமாகவும் பிழை வளர்ந்தது. ஆயினும், தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகக் கையளிக்கப்பட்ட எண்கள் இத்துணை நெருங்கி வந்தது வியப்புக்குரியதே. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்னும் கேள்விக்கு அம்முறை விடை தரவில்லை. எப்போது நிகழும் என்பதை மட்டும் மறவாமல் காத்தது. முன்னோர் கண்ட புள்ளிகளைப் பின்னோர் இழந்துவிடாமல் பார்த்துக்கொண்டது என்றும் சொல்லலாம்.

புதுச்சேரியில் ஓர் இயேசு சபைத் துறவி

பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, கணிதம் கற்ற இயேசு சபைக் குருக்கள் சிலரைச் சயாம் நாட்டிற்கு 1687-இல் அனுப்பிவைத்தார். அவர்களுள் ஒருவர் அருட்தந்தை ழான் ரிஷோ. மறு ஆண்டே அங்கு ஆட்சி கவிழ்ந்தது. குருக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ரிஷோ அடிகளார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பன்னிரண்டடி நீளமுள்ள தொலைநோக்கி ஒன்று அவரிடம் இருந்தது.

1689 டிசம்பரில் தென்வானில் ஒரு வால்வெள்ளி தோன்றியது. அதனை அடிகளார் பின்தொடர்ந்து நோக்கிவந்தார். அவ்வேளையில், சென்டாரஸ் விண்மீன் குழுவின் காலடியில் ஒளிரும் பேரொளி விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்பதைக் கண்டார். இன்று ஆல்பா சென்டாரி என்று வழங்கும் அவ்விணை, நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

'பிரின்சிபியா' வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அவ்விரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன என்பதை அடிகளார் அறிந்திருக்க வழியில்லை. அவர் கண்டவை அருகருகே இரு புள்ளிகள். கண்டதைக் குறித்து வைத்தார். 1693-இல் இறந்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காலம் கழிந்தபின், 1803-இல், இரட்டை விண்மீன்கள் சில மெய்யாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று வில்லியம் ஹெர்ஷல் காட்டினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலும் அதே ஈர்ப்பு விதி செல்லும் என்பதற்கு அதுவே முதற்சான்று ஆயிற்று.

ஆல்பா சென்டாரி இணை ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மனிதன் பிறந்து வளர்ந்து மூத்து மறையும் காலம் அது. தொட்டிலில் கிடந்தபோது தொடங்கிய ஒரு சுற்றினை, எண்பது வயது வாழ்ந்தவர் மட்டுமே முழுமையாகக் கடந்திருப்பார். ஆகவே இந்தப் பாதையை எந்தத் தனிமனிதரும் தாமே அளந்து முடித்ததில்லை. ஒருவர் அளவைகளை மற்றவர் பெற்றுத் தொடர்ந்தனர். பாதை கிடைத்தபின் அதிலிருந்து ஈர்ப்பும், ஈர்ப்பிலிருந்து எடையும் கிடைத்தன. அவ்விரண்டும் சேர்ந்து நம் சூரியனைப் போல் ஏறக்குறைய இருமடங்கு பொருண்மை கொண்டவை என்பதை அவற்றின் சுற்றே சொல்லிவிட்டது.

சென்னையில் கண்டவையும் காணாதவையும்

1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான்நோக்கு நிலையம் எழுந்தது. அதன் தலைவராக விளங்கிய கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப் இரட்டை விண்மீன்களின் பாதைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்டவர். '70 ஒஃபியூக்கி' என்னும் இரட்டை விண்மீனின் இயக்கம் கணித்த பாதையிலிருந்து சற்றே பிறழ்வதாக 1855-இல் அவர் அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கிருந்து ஈர்ப்பதே அதன் காரணமாகலாம் என்றும் எழுதினார்.

அது வீண்கற்பனை அன்று. யுரேனஸ் கோள் தன் பாதையிலிருந்து பிறழ்ந்ததைக் கொண்டு நெப்டியூன் இருக்குமிடத்தைக் கணித்து, 1846-இல் அதனைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதே நெறியைத்தான் ஜேக்கப் பின்பற்றினார். எனினும் பிற்கால அளவைகள் அவர் முடிவுக்குத் துணைநிற்கவில்லை. அவர் கருதிய கோள் அங்கில்லை. ஆனால் விண்மீனின் தடுமாற்றத்தால் கோளை அறியலாம் என்னும் கருத்து நிலைத்தது. 1995-இல், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் அவ்வழியிலேயே கண்டறியப்பட்டது. சென்னையில் செய்யப்பட்ட பிழை, கண்ணியமான பிழை. தன் அளவைகளை அவர் மறைக்காமல் வெளியிட்டதால்தான் பிறரால் அவற்றைச் சோதிக்க முடிந்தது.

ஜேக்கப்புக்குப் பின் அந்நிலையத்திற்கு வந்தவர் நார்மன் போக்சன். அவர் காலத்தில் சிறுகோள்களைத் தேடும் ஆர்வம் எங்கும் மிகுந்திருந்தது. முதற் சிறுகோளான சிரிஸை 1801 சனவரி முதல் நாளில் கண்டவர் பலெர்மோ நகரில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு ஜுசெப்பே பியாட்சி. ஆறு வாரம் பின்தொடர்ந்தபின் அது சூரிய ஒளியில் மறைந்துபோயிற்று. அவர் குறித்துவைத்திருந்த சில புள்ளிகளைக் கொண்டே இளங்கணித மேதை காஸ் முழுப்பாதையையும் கணித்தார். அவர் சொன்ன இடத்தருகே ஆண்டிறுதியில் சிரிஸ் மீண்டும் கிடைத்தது. பாதை அறியப்படாத சிறுகோள், கண்டும் இழக்கப்பட்ட பொருளே என்பதை அன்று உலகம் உணர்ந்தது.

போக்சன் 1861 ஏப்ரலில் சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் ஆகையால் அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டார். சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு பூமியின் தொலைவைப் போல் 2.42 மடங்கு. கோளின் ஆண்டுக்காலத்தின் வர்க்கம், தொலைவின் கனத்திற்கு விகிதப்படும் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. 2.42-இன் கனம் சுமார் 14.2, அதன் வர்க்கமூலம் சுமார் 3.77. ஆகவே ஆசியாவின் ஓர் ஆண்டு நம் மூன்றே முக்கால் ஆண்டு. பத்தாம் வகுப்பு மாணவரும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

1866-இல் அவர் சென்னையிலிருந்து 'சில்வியா' என்னும் சிறுகோளையும் கண்டார். 2001-இலும் 2004-இலும் அதைச் சுற்றும் இரு குட்டி நிலவுகள் கண்டறியப்பட்டன. அவை சுற்றும் வேகத்தைக் கொண்டு தாய்க்கோளின் பொருண்மை கணிக்கப்பட்டது. அதன் அடர்த்தி தண்ணீரை விடச் சற்றே அதிகம் என்றும், இடையிடையே வெற்றிடம் கொண்ட கற்குவியல் போன்றது என்றும் தெரியவந்தது. போக்சன் தொடங்கி வைத்த ஒரு வாக்கியம் ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின் முற்றுப்பெற்றதைப் போன்றது இது.

காவலூரின் ஒன்பது வினாடி

சென்னை நிலையத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. 1960-இல் அங்கு இயக்குநராகப் பொறுப்பேற்றவர் வைணு பாப்பு. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த நாளிலேயே, 1949-இல், ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தவர் அவர். விண்மீன்களை ஆராய ஏற்ற இருண்ட, தெளிந்த வானைத் தேடிய அவர் தேர்ந்தெடுத்த இடமே காவலூர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்து நோக்கலாம். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அமைந்தது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடக்கும் என்று கணிக்கப்பட்டிருந்தது. கோள்களின் பாதை துல்லியமாகத் தெரிந்திருப்பதால்தான் இத்தகைய முன்னறிவிப்புகள் இயலுகின்றன. விண்மீன் மறையும் விதத்தைக் கொண்டு யுரேனஸின் வளிமண்டலத்தை ஆராய்வதே அனைவரின் நோக்கமாயிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தொலைநோக்கியருகில் இருந்தனர். எதிர்பாராத ஒரு வேளையில் விண்மீனின் ஒளி சுமார் ஒன்பது வினாடி மங்கி மீண்டது.

யுரேனஸுக்கு இதுவரை அறியாத துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் கருதி 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். அதே வேளையில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்றிலிருந்தும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்தும் பிறர் நோக்கியிருந்தனர். விமானத்தில் இருந்தவர்கள், கோள் மறைப்பதற்கு முன் ஐந்து முறையும் பின் ஐந்து முறையும் ஒளி மங்கக் கண்டனர். இருபுறமும் ஒத்து அமைந்த அம்மங்கல்கள் துணைக்கோள்களால் நேர்ந்தவையாக இருக்க முடியாது. யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் உள்ளன என்னும் உண்மை வெளிப்பட்டது. காவலூரில் பதிவான ஒன்பது வினாடியும் அவ்வளையங்களுக்குச் சான்றாயிற்று. 1986 சனவரியில் 'வாயேஜர் 2' விண்கலம் அவ்வளையங்களை அருகிருந்து படம்பிடித்தது. அவற்றுள் அகன்ற வளையத்தின் இருமருங்கும் இரு சிறு துணைக்கோள்கள் சுற்றிவந்து, தம் ஈர்ப்பினால் வேலிபோல் அதனைக் காப்பதையும் காட்டியது. காவலூரில் கண்டது ஒரு புள்ளி. பிறர் புள்ளிகளோடு சேர்ந்த பின்னரே அதற்குப் பொருள் விளங்கியது.

அதே 1986 சனவரியில், இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி காவலூரில் திறந்துவைக்கப்பட்டது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982-இலேயே மறைந்துவிட்டார். நிலையம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1988 பிப்ரவரி 17 அன்று இராஜமோகன் குழுவினர் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டனர். ஒரு சிறுகோளின் பாதை ஐயமற உறுதிப்பட்ட பின்னரே அதற்கு நிலையான எண் தருவது வழக்கம். அவ்வாறு 4130 என்னும் எண்ணைப் பெற்ற அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. போக்சன் தம் கடைசிச் சிறுகோளைச் சென்னையில் 1885-இல் கண்டபின், நூறாண்டுக்கு மேல் அறுந்திருந்த தொடர் மீண்டும் இணைந்தது.

இருளைக் காத்தல்

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்கலாம். ரிஷோ அடிகளார் தாம் கண்ட இணையின் பாதையை அறியவில்லை. ஜேக்கப் தேடிய கோள் கிடைக்கவில்லை. வைணு பாப்பு தம் பெருந்தொலைநோக்கி திறக்கப்படும் நாளைக் காணவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தாம் கண்டதை உள்ளவாறே எழுதிவைத்தனர். கூட்டவோ குறைக்கவோ அவர்கள் முற்பட்டிருந்தால், பின்வந்தவர்கள் வரைந்த பாதை முழுவதும் கோணலாகியிருக்கும். நேர்மையாகக் கையளித்தலே அறிவியலிலும் தலையாய கடமை என்பது நம்மவர் எளிதில் உணரக்கூடிய ஒன்றே.

இத்தொடருக்கு இன்று இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று வெளிச்சம். பாலாற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்கள் வளர வளர இரவு வானமும் வெளுத்து வருகிறது. தொழில் வேண்டும், தெருவிளக்கும் வேண்டும். அவற்றை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும் விளக்கொளி மேலே சிதறாமல் தரையில் மட்டும் விழும்படி மூடி அமைப்பதால் எந்தத் தொழிலும் நலிவதில்லை. மற்றொன்று நம் வகுப்பறைகளில் உள்ளது. சுற்றுப்பாதையின் சூத்திரத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள் பலர், அச்சூத்திரம் சோதிக்கப்பட்ட மலை தம் ஊருக்கு அருகிலேயே இருப்பதை அறியாமலே படிப்பை முடித்துவிடுகின்றனர்.

மே மாத இறுதியில் இரவு பத்து, பத்தரை மணிக்குத் தெற்குத் திசையில், அடிவானத்திற்குச் சற்று மேலே நோக்குங்கள். அங்கே பேரொளியோடு ஒளிரும் விண்மீனே ஆல்பா சென்டாரி. அடிகளார் கண்ட நாள்முதல் அவ்விணை நான்கு சுற்றுகளை முடித்து ஐந்தாவது சுற்றில் சென்றுகொண்டிருக்கிறது. இந்தச் சுற்று முடியும்போது நம்மில் பெரும்பாலோர் இருக்கமாட்டோம். இன்று நம் வீட்டில் தவழும் குழந்தை இருக்கக்கூடும். அக்குழந்தையைத் திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ அழைத்துச் சென்று அந்த விண்மீனை ஒருமுறை சுட்டிக்காட்டுவோம்.